பிலிப்பின் கதிரை

குழந்தைகளுக்கென எழுந்த நூல்களை விமரிசகர் ஆராயப் புகுவது அரிது. அவற்றை எளியன என்று ஒதுக்குவதே பெருவழக்கு. ஆயினும், ஒரு சமுதாயம் தன் மக்களுள் யாரை நல்லவர் எனக் கொள்கின்றது, யாரை நகைத்துத் தள்ளுகின்றது என்பதை அறிய விரும்புவோர் பெருங்காப்பியங்களைக் காட்டிலும் குழந்தைப் பாடல்களிலேயே தெளிவான சான்றுகளைக் காணலாம். காப்பியம் பாடுவோன் தன் தீர்ப்பை மறைக்கக் கற்றவன். குழந்தைக்குப் பாடுவோன் அதனை மறைப்பதில்லை. ஜேர்மனியிற் பிறந்து பல மொழிகளிற் பரவிய 'ஸ்ருவெல்பீற்றர்' என்னும் படநூல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்நூலில் வரும் ஒரு சிறு பாடல் உணவு மேசையில் அமைதியாக இருக்கமாட்டாத ஒரு சிறுவனைப் பற்றியது. இன்று வைத்தியர்கள் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என வகுத்துக் கூறும் நிலைக்கு ஜேர்மன் மக்களின் பேச்சுவழக்கில் அப்பாடற் சிறுவனின் பெயரே இன்றும் வழங்குகின்றது. நகைப்பதற்கெனப் பாடப்பட்ட பாத்திரமொன்று ஒரு மனித நிலைக்கே பெயராகி நிற்பது சிந்திக்கத்தக்கது.

நூலாசிரியர் ஹைன்றிக் ஹொவ்மன் (1809–1894) பிராங்பேட் நகரத்து வைத்தியர். 1844ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகையின்போது மூன்று வயது நிரம்பிய தம் மகனுக்குப் படநூலொன்று வாங்கக் கடைகளில் தேடினார். நீண்ட கதைகளும் வறண்ட நீதியுரைகளுமே கிடைத்தன. வெறுங் கையோடு திரும்ப மனமில்லாது ஓர் எழுதாத கொப்பியை வாங்கி வந்து, தாமே படம் வரைந்து பாட்டும் எழுதினார். நண்பர்கள் வற்புறுத்தியதனால் அது 1845இல் அச்சேறியது. முதற் பதிப்பில் அவர் தம் இயற்பெயரைத் தரவில்லை. பிலிப்பின் பாடல் அப்பதிப்பில் இல்லை. அடுத்துவந்த பதிப்பிலேயே சேர்க்கப்பட்டது. வானத்தை நோக்கியபடி நடக்கும் ஹான்ஸ் என்னும் சிறுவனின் பாடல் 1847இற் சேர்ந்தது. நீதிநூல்களின் வறட்சியை வெறுத்தவர் எழுதிய நூலே பின்னர் தண்டனைக்குப் பெயர்போன நூலாயிற்று. விரல் சூப்பும் சிறுவனின் பெருவிரல்கள் கத்தரிக்கோலால் வெட்டப்படுகின்றன; தீக்குச்சியோடு விளையாடிய சிறுமி சாம்பலாகின்றாள். அவற்றோடு ஒப்பிடுமிடத்துப் பிலிப்பின் கதை சிறியது. அதில் யாரும் இறப்பதில்லை, இரத்தமும் இல்லை. ஒரு வேளை உணவு கெடுகின்றது, அவ்வளவே. ஆயினும் நூலிலுள்ள பாடல்களுள் மிக ஆழமான கொடுமை இதிலேயே உள்ளது எனக் கூறலாம்.

கதை இதுதான். தந்தை, தாய், மகன் மூவரும் மேசையைச் சூழ்ந்து அமர்ந்திருக்கின்றனர். இன்றாவது பையன் அமைதியாக இருப்பானா என்று தந்தை கடுமையான குரலிற் கேட்கின்றார். தாய் ஒன்றும் பேசாது மேசையைச் சுற்றி நோக்குகின்றாள். பிலிப்போ தந்தை சொல்வதைக் கேட்கவில்லை. கதிரையில் முன்னும் பின்னும் ஆடுகின்றான். கதிரை சரிகின்றது. பற்றிக்கொள்ள வேறொன்றும் இல்லாமையால் மேசைத்துணியைப் பற்றுகின்றான். தட்டும் போத்தலும் பாணும் அவனோடு நிலத்தில் விழுகின்றன.

மூலப்பாடலின் ஓசையை அறிந்தோர் அதன் திறனை மறுக்கமாட்டார். பையன் ஆடும் இடத்தில் ஹொவ்மன் நான்கு வினைச்சொற்களை இரண்டிரண்டாக எதுகைப்படுத்தி அடுக்குகின்றார். சொற்களே கதிரையில் அமர்ந்து ஆடுவனபோல ஒலிக்கின்றன. தமிழில் இரட்டைக்கிளவி செய்யும் பணியை அங்கு எதுகை செய்கின்றது. பாட்டைப் பாடும் குழந்தை தானும் உடலை அசைக்காமற் பாடமுடியாது. அமைதியாக இருக்கவேண்டும் என்று போதிக்கும் பாடல் அமைதியாக இருந்து பாட இயலாத பாடலாக அமைந்தமை ஹொவ்மன் கருதிச் செய்ததோ, கருதாமல் நேர்ந்ததோ, பாடலின் உயிர்நிலை அதுவே. நீதி ஒருபுறமும் ஓசை மறுபுறமும் இழுக்கின்றன. குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக இப்பாடலை விரும்பியமைக்குக் காரணம் ஓசையின் பக்கம் நின்றமையே எனலாம்.

இனி, பாடலின் முதற் கேள்வியை நுணுகி நோக்கவேண்டும். ஜேர்மன் மூலத்தில் தந்தை வினவுவது பையன் அமைதியாக இருக்க விரும்புகின்றானா என்பதையே; வினைச்சொல் விருப்பத்தைச் சுட்டுவது. 1848இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பிலோ அவ்விடத்தில் இயலுமா என்னும் பொருள்படும் சொல் வருகின்றது. அடுத்த அடியிலும் அதே பொருள் வேறொரு சொல்லால் வலியுறுத்தப்படுகின்றது. ஒரு மொழியிற் பையனின் மனம் சோதிக்கப்படுகின்றது. மறுமொழியில் அவனது ஆற்றல் சோதிக்கப்படுகின்றது. மொழிபெயர்ப்பாளர் ஆழ்ந்து சிந்தித்து இவ்வாறு செய்தார் என்று கூறுவதற்கில்லை. எதுகைக்குப் பொருந்தும் சொல்லை எடுத்திருக்கலாம். ஆயினும் இவ்விரு சொற்களுக்கும் இடையிலான தூரம் சிறிதன்று. கவனக்குறைவும் மிகையியக்கமும் உடைய குழந்தைகளைப் பற்றி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் வழக்கு முழுவதும் இத்தூரத்திலேயே நடக்கின்றது. பையன் மாட்டேன் என்கின்றானா, மாட்டாமல் இருக்கின்றானா?

ஜேர்மன் மூலத்தின் தந்தைக்கு ஐயம் இல்லை. மகன் விரும்பினால் இருப்பான் என்பது அவரது துணிபு. ஆகவே அவன் ஆடுவது தமக்கு இழைக்கப்படும் அவமதிப்பு. தமக்கு அது பிடிக்கவில்லை என்று கூறுகின்றாரேயன்றி, உனக்கு என்ன என்று கேட்கின்றாரில்லை. பையன் தந்தை சொல்வதைக் கேட்கவில்லை என்று கவிஞர் கூறும் அடியும் கவனிக்கத்தக்கது. கீழ்ப்படியவில்லை என்று அவர் கூறவில்லை. செவியில் விழவில்லை என்ற பொருளுக்கும் அங்கு இடமுண்டு. வைத்தியரின் கண் கண்டதைக் கவிஞரின் கை எழுதிவிட்டது. ஆனால் தந்தையின் நீதி அதனை விளங்கிக்கொள்ளவில்லை. நேரே பேசும்போதும் கேளாதவன்போல் இருத்தல் இன்று வைத்தியர் கேட்டறியும் அறிகுறிகளுள் ஒன்றாகும்.

முடிவே பாடலின் மிகக் கொடிய பகுதி. துணி உருவப்பட்டு மேசை வெறுமையாகின்றது. தந்தை உண்ண விரும்பியவை யாவும் நிலத்திற் கிடக்கின்றன. சூப்புக் கிண்ணம் உடைந்து போயிற்று. பெற்றோர் இருவரும் எழுந்து நின்று சினக்கின்றனர். அவர்களுக்கு உண்ண ஒன்றுமில்லை. பிலிப்பு எங்கே? அவன் துணிக்கு அடியில் முற்றாக மூடுண்டு கிடக்கின்றான். ஹொவ்மன் வரைந்த கடைசிப் படத்திலும் அவன் முகம் காணப்படுவதில்லை. கதிரையோடு பின்புறமாக விழுந்த குழந்தைக்குக் காயம் பட்டதா என்று தந்தையும் வினவவில்லை, தாயும் வினவவில்லை, கவிஞரும் வினவவில்லை. உணவுக்கு நேர்ந்த கேடு ஒன்றுவிடாமற் கணக்கெடுக்கப்படுகின்றது. பையனுக்கு நேர்ந்தது கணக்கில் இல்லை. கத்தரிக்கோலால் விரலை வெட்டும் பாடலிற்கூடத் தாய் திரும்பிவந்து மகனைப் பார்க்கின்றாள். இப்பாடலிலோ தாய் இருமுறை மேசையைச் சுற்றிப் பார்க்கின்றாள். மகனைப் பார்த்தாள் என்று ஓரிடத்திலும் கூறப்படவில்லை.

நகைச்சுவைப் பாடலை இவ்வளவு கடுமையாக நோக்கல் தகுமோ என்று சிலர் வினவலாம். பாடலை நகைச்சுவையாகவே விட்டிருந்தால் தகாதுதான். ஆனால் பெயரொன்று பாடலை விட்டு வெளியேறி, வகுப்பறையில் உயிரோடிருக்கும் ஒரு சிறுவன் மேல் ஒட்டப்படுமாயின், அப்பெயரோடு பாடலின் தீர்ப்பும் சென்று ஒட்டுகின்றது. பழிச்சொல் என்பது பெரும்பாலும் இவ்வாறே பிறக்கின்றது. யாரும் வெறுப்போடு அதனை ஆக்குவதில்லை, சிரித்துக்கொண்டே ஆக்குகின்றனர்.

வைத்திய நூல்கள் இதனினும் சிறந்தனவா என்றால், சில இடங்களிற் சிறந்தன. சில இடங்களில் அல்ல. ஹொவ்மன் பிறப்பதற்கு முன்னரே, 1798இல், ஸ்கொத்லாந்து வைத்தியர் அலெக்சாண்டர் கிறைற்றன் உளப் பிறழ்வு பற்றிய தம் நூலிற் கவனத்துக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். ஒரு பொருளில் நிலைத்து நில்லாத கவனம் சிலருக்குப் பிறவியிலேயே அமைவதென்றும், கல்விக்கு அது இடையூறாகும் என்றும், வயது ஏற ஏறப் பெரும்பாலும் குறையும் என்றும் அவர் எழுதினார். வறண்ட இலக்கணப் பாடங்களில் இத்தகைய மாணவரின் மனத்தைப் பிரம்பின் அச்சமும் நிறுத்தாது, அன்பான வேண்டுகோளும் நிறுத்தாது என்று அவர் கண்டமை பாராட்டத்தக்கது. பிரம்பு பயனற்றது என்பதை ஒரு வைத்தியர் 1798இல் எழுதியிருக்க, பாடசாலைகள் அதன்பின் எத்தனை பிரம்புகளை முறித்தன என்பதை எவரும் கணக்கிட்டதில்லை.

1902இல் இலண்டனில் ஜோர்ஜ் ஸ்ரில் என்னும் குழந்தை வைத்தியர் றோயல் வைத்தியக் கல்லூரியில் மூன்று விரிவுரைகள் நிகழ்த்தினார். அறிவிற் குறைவில்லாத சில குழந்தைகள் தம்மை அடக்க இயலாது தவிப்பதை அவர் விரிவாக எடுத்துரைத்தார். இக்குறை வளர்ப்பின் பிழையால் மட்டும் வருவதன்று என அவர் கண்டது பெரிய முன்னேற்றம். ஆயின் அதற்கு அவர் இட்ட பெயர் ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைபாடு என்பது. ஒழுக்கம் என்ற சொல்லை அவர் தனிப்பொருளிலேயே ஆண்டார் என்று சமாதானம் கூறுவோர் உளர். சொல்லுக்குக் கலைஞன் தரும் தனிப்பொருளும் சரி, வைத்தியன் தரும் தனிப்பொருளும் சரி, தெருவுக்கு வந்தவுடன் உதிர்ந்துவிடும். பிலிப்பின் தந்தை கையில் அச்சொல் கிடைத்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

பின்னர் வந்த பெயர்கள் ஒழுக்கத்தை விட்டு நீங்கின. 1968இல் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தின் கைந்நூல் இதனைக் குழந்தைப் பருவத்து மிகையியக்க எதிர்வினை என்றது. 1980இற் கவனக்குறைவு முதன்மை பெற்றது. 1987இல் இரண்டும் சேர்ந்து இன்றைய பெயராயிற்று. 2013ஆம் ஆண்டுப் பதிப்பு வளர்ந்தோருக்கும் பொருந்துமாறு வரையறையைத் திருத்தியது. உலகக் குழந்தைகளில் ஏறக்குறைய நூற்றுக்கு 5 பேரிடம் இந்நிலை காணப்படுவதாக ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் மதிப்பிட்டனர். இரட்டையரை ஆராய்ந்தோர் இதில் மரபுவழியின் பங்கு மிகப் பெரிது என்று கண்டனர். 1937இல் அமெரிக்காவில் சாள்ஸ் பிராட்லி என்பார் கிளர்ச்சியூட்டும் மருந்தொன்றைக் குழந்தைகளுக்குக் கொடுத்தபோது அவர்களுட் பலர் அமைதியுற்றுப் பாடங்களிற் கவனம் செலுத்தினர். இத்தகைய மருந்து எவருடைய கவனத்தையும் ஓரளவு கூட்டுவதாகையால் இஃதொன்றே சான்றாகாது. எனினும் இவை யாவற்றையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, தந்தையின் கேள்வி ஜேர்மன் மூலத்தில் அன்றி ஆங்கில மொழிபெயர்ப்பிலேயே செம்மையாகக் கேட்கப்பட்டது என்பது தெளிவு.

ஹான்ஸின் பாடல் இதற்குத் துணையாக நிற்பது. பிலிப்பின் உடல் அலைகின்றது. ஹான்ஸின் உடல் நேரே நடக்கின்றது, மனமே அலைகின்றது. பாடசாலைக்குச் செல்லும் வழியில் அவன் கூரையையும் முகிலையும் பறவைகளையும் பார்க்கின்றான். நாயொன்றோடு மோதி விழுகின்றான். பிறிதொருநாள் ஆற்றில் விழுகின்றான். இருவர் கழிகளைக் கொண்டு அவனைக் கரையேற்றுகின்றனர். நனைந்து நிற்கும் அவனை நோக்கி மீன்கள் நெடுநேரம் சிரிக்கின்றன. அவனது புத்தகப் பை நீரோடு போய்விடுகின்றது. பிலிப்பின் பாடலிலும் இது மனிதத்தன்மை மிக்கது; இங்கு விழுந்தவனைத் தூக்குவோர் உளர். ஆயினும் அச்சிரிப்பு உண்மைக்கு மிக அண்மையிலுள்ளது. இந்நிலையோடு வாழ்வோர் பலருக்கு வீழ்ச்சியைக் காட்டிலும் வீழ்ச்சியைக் கண்டோரின் சிரிப்பே நினைவில் நிற்கும். ஹான்ஸைப் போன்றோர் மேசையைக் கவிழ்ப்பதில்லை. எனவே அவர்களை எவரும் வைத்தியரிடம் அழைத்துச் செல்வதுமில்லை. பெண்பிள்ளைகள் பலர் இவ்வாறே கண்டறியப்படாது வளர்ந்து, சோம்பேறி என்றும் கனவுகாண்பவள் என்றும் தம்மைத் தாமே ஏசிக்கொள்ளக் கற்கின்றனர்.

இங்கு மாக் ருவெயினை நினைவுகூர்தல் பொருந்தும். 1891இற் பேர்லின் நகரில் தங்கியிருந்தபோது அவர் தம் புதல்வியருக்காக ஸ்ருவெல்பீற்றரை ஆங்கிலத்திற் பெயர்த்தார். அது அவர் மறைந்து பல ஆண்டுகளின் பின் 1935இல் வெளியாயிற்று. பிலிப்பைப் பெயர்ப்பதற்கு நெடுங்காலம் முன்னரே அவர் பிலிப்பின் உறவினன் ஒருவனைப் படைத்திருந்தார். 1876இல் வெளிவந்த ரொம் சோயர் கதையில் தேவாலயக் காட்சியொன்று உண்டு. பிரசங்கம் நீள்கின்றது, ரொம் இருக்கையில் நெளிகின்றான், ஒரு வண்டை வெளியே எடுக்கின்றான், வண்டு ஒரு நாயைக் கவ்வுகின்றது, நாய் ஆலயத்தைச் சுற்றி ஓடுகின்றது. ருவெயினின் திறன் இதன்பின் வருவது. சபையோர் அனைவரும் சிரிப்பை அடக்கமாட்டாது முகம் சிவந்து திணறுகின்றனர். பிரசங்கத்தை அதுவரை எவரும் கேட்டிருக்கவில்லை என்பது அக்கணத்தில் வெளிப்படுகின்றது. பையனுக்கும் பெரியோருக்கும் உள்ள வேறுபாடு கவனத்தில் அன்று, கவனிப்பவர்போல் இருக்கும் பயிற்சியிலேயே உள்ளது.

இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்தால் இலக்கியத்தில் நோக்குநிலை எவ்வளவு செய்யவல்லது என்பது புலனாகும். நெளியும் பையன் ஒருவனே. ஹொவ்மன் மேசைக்கு மேலே நின்று அவனைப் பார்க்கின்றார். ருவெயின் அவனருகே இருக்கையில் அமர்ந்து பிரசங்கியைப் பார்க்கின்றார். ஆனால் ருவெயினிடத்தும் ஒரு குறை உண்டு. ரொம் எப்பொழுதும் தப்பிவிடுகின்றான். அவனது அமைதியின்மை முடிவில் அவனுக்குப் புதையலையே தேடித்தருகின்றது. மெய்வாழ்வில் இத்தகையோர் எல்லோருக்கும் புதையல் கிட்டுவதில்லை. எழுதத் தொடங்கி முடிக்காத கடிதங்கள், மறந்துபோன கட்டணங்கள், இழந்த வேலைகள், முயன்றால் முடியும் என்று நாற்பது வயதிலும் கேட்கவேண்டியிருக்கும் அறிவுரை, இவையே அவர்களுள் பலரது பங்கு. விருப்பமான ஒன்றில் ஊணுறக்கம் மறந்து மூழ்கும் ஆற்றலும் அவர்களிடம் காணப்படுவதுண்டு. அதுவே அவர்களுக்கு எதிரான சான்றாகவும் காட்டப்படுகின்றது. அதைச் செய்ய முடிந்தவனுக்கு இதைச் செய்யவா முடியாது என்று உலகம் கேட்கின்றது. கவனம் இல்லாமை அன்று, கவனத்தை வேண்டியவிடத்து நிறுத்தும் கடிவாளம் தளர்ந்திருத்தலே இந்நிலையின் இயல்பு என்பதை விளக்கினாலும் கேட்போர் சிலரே.

அண்மைக் காலத்தில் நரம்பியற் பன்மை என்னும் கருத்து இவ்விவாதத்திற் புகுந்துள்ளது. 1998இல் அவுஸ்திரேலியச் சமூகவியலாளர் ஜூடி சிங்கரின் ஆய்வேட்டிலும், அதே ஆண்டில் அமெரிக்க எழுத்தாளர் ஹாவி புளூமின் கட்டுரையிலும் இச்சொல் இடம்பெற்றது. மதியிறுக்கமுடையோர் தமக்குள் நடத்திய உரையாடல்களில் உருவாகிய கருத்து இதுவெனக் கூறுவோரும் உளர். மனித மூளைகள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டனவல்ல. வேறுபாடு யாவும் பழுதாகா என்பது இதன் சாரம். இது மேசைத்துணியை நீக்கிப் பையனின் முகத்தைக் காட்டுவதாகையால் வரவேற்கத்தக்கது. ஆயினும் இதனைக் கையாள்வோர் சிலர், பிலிப்பு கிண்ணத்தை உடைக்கவே இல்லை என்பதுபோற் பேசுகின்றனர். கிண்ணம் உடைந்தது உண்மை. சூப்பு நிலத்திற் கொட்டியதும் உண்மை. விழுந்தவனுக்கு அது வலிக்கவில்லை என்று கூறுவதும் அவன் வேண்டுமென்றே விழுந்தான் என்று கூறுவதும் அவனிடம் கேளாமற் கூறப்படுவனவே.

கற்பனைப் பாத்திரங்களுக்கு நோய் கண்டறியும் வழக்கம் இன்று மலிந்துள்ளது. அது விமரிசனம் ஆகாது. பிலிப்பு உண்மையான நோயாளி ஒருவனின் சித்திரமா, தன் வீட்டுப் பிள்ளையின் குறும்பா, அல்லது வெறும் கற்பனையா என்பது பற்றி வைத்திய வரலாற்றாசிரியர் இன்றும் மாறுபடுகின்றனர். பாடலை எழுதிய காலத்தில் ஹொவ்மன் மனநோய் வைத்தியர் அல்லர். 1851இலேயே அவர் பிராங்பேட் மனநோயாளர் இல்லத்தின் தலைமையை ஏற்றார். பழைய இல்லத்தின் இழிநிலை கண்டு பொறாது, பல்லாண்டு உழைத்துப் பணம் திரட்டி, 1864இல் நகருக்கு வெளியே தோட்டங்களோடு கூடிய புதிய வைத்தியசாலையைத் திறந்துவைத்தார். 1888 வரை அங்கு பணியாற்றினார். மனநோயாளரைச் சிறையிருப்போர்போல் நடத்திய காலத்தில் அவர்களை நோயாளராகவே நடத்தவேண்டும் என்று நின்ற வைத்தியர் அவர். அப்பெருமகனார் தம் பாடலுக்குள் பிலிப்பைத் துணிக்கடியில் விட்டுச் சென்றமை முரண்பாடே.

இம்முரணுக்கு அவரது வாழ்விலேயே வேறொரு விடையும் கிடைக்கின்றது. வைத்தியர் வருவார் என்று பெற்றோர் அச்சுறுத்தி வைத்தமையால் நோயுற்ற குழந்தைகள் அவரைக் கண்டதும் கதறித் துள்ளுவது வழக்கமாயிருந்தது. நாடி பார்ப்பதற்கும் இயலாது. அத்தகைய வேளைகளில் அவர் சட்டைப்பையிலிருந்து கடதாசியும் பென்சிலும் எடுத்து, ஒரு சிறுவனின் உருவை விரைவாக வரைந்து, அவன் கதையையும் சொல்லத் தொடங்குவார். அழுகை நின்றுவிடும், குழந்தை படத்தை உற்று நோக்கும், வைத்தியர் தம் வேலையை முடித்துக்கொள்வார். அமைதியாக இருக்க விரும்புகின்றாயா என்று அவர் அக்குழந்தைகளைக் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் அவர் பாடலின் தந்தைக்குக் கிடைத்த விடையே அவருக்கும் கிடைத்திருக்கும். ஸ்ருவெல்பீற்றரின் தலைப்பு நாயகனே இவ்வாறு நோய்ப்படுக்கைகளின் அருகிற் பிறந்தவன் என்பர்.

இப்பாடலைத் தமிழிற் பெயர்க்கப் புகுவோர்க்கு ஒரு வசதியும் ஓர் இடர்ப்பாடும் உண்டு. பையன் அமைதியாக இருப்பானா என்று தந்தை தமிழிற் கேட்பாராயின், அவ்வொரு சொல்லில் விருப்பமும் அடங்கும், இயல்பும் அடங்கும். ஜேர்மன் தந்தையும் ஆங்கிலத் தந்தையும் ஒரே கதிரையில் அமர்ந்துவிடுவர். இடர்ப்பாடு பாடலின் பெயரில் உள்ளது. ஈழத்துப் பேச்சுவழக்கில் இத்தகைய பிள்ளைக்குக் குழப்படிக்காரன் என்று பெயர். அச்சொல்லிற் பெற்றோரின் சினமும் ஆசிரியரின் முறைப்பாடும் முன்னரே குடியிருக்கின்றன. துறுதுறுத்த பிள்ளை என்று அதே பையனைப் பாட்டி கூறுவாள். அதிற் குற்றச்சாட்டு இல்லை, கதிரையின் ஆட்டம் மட்டும் உண்டு. ஹொவ்மன் தலைப்பில் வைத்த ஜேர்மன் சொல்லும் அந்த ஆட்டத்தையே குறிப்பது, குற்றத்தை அன்று.